இரண்டரை இலட்சத்துக்குள் விளையாட்டுக் கணினி: கடைக்காரர் தந்த பட்டியல் சரியானதா?

எருவில்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். பெரும்போக நெல் விற்ற காசில் இரண்டரை இலட்சம் ரூபாயைக் கணினிக்கென்று அப்பா ஒதுக்கித் தந்திருக்கிறார். மறுமுறை கேட்க முடியாத காசு என்பதால், வாங்குவதற்கு முன்னர் விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஜி.டி.ஏ 5, வலோரண்ட், ஏதாவதொரு கிரிக்கெட் விளையாட்டு ஆகியவற்றை 1080பி திரையில் தடங்கலின்றி விளையாட வேண்டும். பல்கலைக்கழக அனுமதி கிடைத்தால் அதே கணினியில் புரோகிராமிங்கும் படிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கடையொன்றில் பட்டியல் கேட்டபோது, நான்காம் தலைமுறை ஐ7 புரொசஸர், 16 ஜிபி டி.டி.ஆர்.3 ராம், ஜி.டி 730 4 ஜிபி கிராபிக்ஸ் காட், 512 ஜிபி எஸ்.எஸ்.டி, ஆறு வண்ண விளக்கு விசிறிகளுடன் முன்பக்கம் முழுவதும் கண்ணாடியாலான கேசிங், 750 வாட் பவர் சப்ளை, 22 அங்குலத் திரை எல்லாம் சேர்த்து ஒரு இலட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாய் என்று எழுதித் தந்தார்கள். "ஐ7 தான் எல்லாவற்றிலும் பெரியது, இதற்கு மேல் தேவையில்லை" என்று கடையில் நின்றவர் சொன்னார். மீதிக் காசை அப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மனம் சொல்கிறது. ஆனாலும் பட்டியலில் ஏதோ இடிக்கிறது. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே பூட்டினால் இதைவிட நல்லதாக அமையுமா? அதற்காகக் கொழும்புக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: எங்கள் வீட்டில் மாலை நேரங்களில் மின்விளக்கு மங்கி மங்கி எரியும். அதனால் கணினிக்குக் கேடு வருமா?


கல்லடிக்காரன் எழுதியது:

தம்பி, இடிக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஐயம் சரியானதுதான். இந்தப் பட்டியலை நீங்கள் வாங்கக் கூடாது.

ஐ7 என்பது ஒரு தரவரிசைப் பெயர் மட்டுமே. அது எந்த ஆண்டின் ஐ7 என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நான்காம் தலைமுறை 2013இல் வந்தது. 2022இன் தொடக்கத்தில் வெளியான ஐ3 12100எஃப் என்ற, பெயரளவில் மிகச் சிறிய புரொசஸருக்கும் அந்த ஐ7க்கு இருப்பது போலவே நான்கு கோர்களும் (கணக்கிடும் மையங்கள்) எட்டுத் திரெட்களும் (ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசைகள்) தான் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு கோரும் செய்யும் வேலையை ஒப்பிட்டால் பழைய ஐ7 எட்டவே முடியாத தூரத்தில் பின்தங்கி நிற்கும். அதைவிடப் பெரிய சிக்கல் விண்டோஸில் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறையாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. குறுக்குவழியில் விண்டோஸ் 11ஐ நிறுவிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் கேட்கும் வலோரண்ட், விண்டோஸ் 11இல் டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், கணினி தொடங்கும்போதே மென்பொருளைச் சரிபார்க்கும் செக்யூர் பூட்டும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் திறக்கும். அங்கே வந்து மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்தது அந்த ஜி.டி 730. நான்கு ஜிபி என்ற எண்ணைக் காட்டித்தான் இதை விற்கிறார்கள். ஒரு கிராபிக்ஸ் காட்டின் நினைவகம் எவ்வளவு பெரியது என்பதைப் போலவே அது எவ்வளவு விரைவானது என்பதும் முக்கியம். டி.டி.ஆர்.3 நினைவகமும் 64 பிட் பாதையும் கொண்ட ஜி.டி 730இல் நொடிக்கு 14.4 ஜிகாபைட் தரவுதான் போய்வர முடியும், ஆர்.எக்ஸ் 6600இல் அது 224 ஜிகாபைட். பெரிய குளத்தைக் கட்டிவிட்டு, அதன் மதகை ஒரு முழம் மட்டும் வைத்தது போன்ற வேலை இது. நெல் விதைக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

சரி, எப்படித் தெரிவு செய்வது? கடைக்காரர்கள் புரொசஸரிலிருந்து தொடங்குவார்கள். நீங்கள் திரையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். 1080பி என்பது ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள். அவற்றை நொடிக்கு அறுபது முறைக்குக் குறையாமல் வரைந்து தள்ளும் கிராபிக்ஸ் காட் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு ஈடுகொடுக்கும் புரொசஸரை அதன் பிறகு பாருங்கள். புரொசஸருக்குப் பொருந்தும் மதர்போட் கடைசியில் தானாக வந்து அமையும். திரையை நீக்கிவிட்டு மிஞ்சும் காசில் ஏறத்தாழ நாற்பது வீதம் கிராபிக்ஸ் காட்டுக்குப் போவதில் தவறே இல்லை. உங்கள் தொகைக்கு 8 ஜிபி கொண்ட ஆர்.எக்ஸ் 6600, புதியதோ நம்பிக்கையான கையிலிருந்து பாவித்ததோ, நான் முதலில் தேடுவேன். 132 வாட்தான் எடுக்கும் என்பதால் பவர் சப்ளையிலும் அறைச் சூட்டிலும் உங்களுக்கு இலாபம். ஆர்.எக்ஸ் 6500 எக்ஸ்.டி என்ற பெயரைப் பார்த்து நூறு எண் குறைவுதானே என்று ஏமாந்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் 4 ஜிபி மட்டுமே கொண்டது, மதர்போட்டுடன் நான்கே தரவுத் தடங்களில் பேசுவது, பழைய மதர்போட்டில் பூட்டினால் இன்னும் தளர்ந்துவிடும்.

அதற்கு ஈடாக ரைசன் 5 5600 போதும். ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 65 வாட். புரோகிராமிங் படிப்புக்கும் இது தாராளம். பி550 மதர்போட் கிடைத்தால் நல்லது. பி450 மலிவாகக் கிடைத்தாலும் எடுக்கலாம், ஆனால் பழைய இருப்பாக இருந்தால் அதன் பயாஸை (மதர்போட்டின் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்த பிறகே இந்தப் புரொசஸரை அடையாளம் காணும் என்பதால், கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்லிப் படம் வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள். ராம் 16 ஜிபி போதும். 2025இன் பிற்பகுதியிலிருந்து நினைவகத்தின் விலை ஏறியிருக்கும் நிலையில் 32க்கு ஆசைப்பட வேண்டாம். ஒரே 16 ஜிபி துண்டாக வாங்காமல் இரண்டு 8 ஜிபி துண்டுகளாக வாங்குங்கள். பூட்டிய பிறகு பயாஸுக்குள் போய் ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி என்பதை இயக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ராம் 2133இலோ 2400இலோ சோம்பிக் கிடக்கும். எங்கள் பட்டறைக்கு வரும் "கணினி மெதுவாக இருக்கிறது" முறைப்பாடுகளில் இப்படி ஒரு நிமிடத்தில் சரிசெய்து அனுப்பியவை பல.


சாய்ந்தமருதூர் எழுதியது:

கல்லடி அண்ணன் புரொசஸரையும் கிராபிக்ஸ் காட்டையும் விளக்கிவிட்டார். தம்பி கடைசியில் மங்கி எரியும் விளக்கைப் பற்றிக் கேட்டாரே, அதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

பட்டியலில் உள்ள "750 வாட்" என்பதை நம்பாதீர்கள். பவர் சப்ளையின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் என்ற நிரலைத் தேடி, அதற்குக் கீழே எத்தனை அம்பியர் என்று பாருங்கள். புரொசஸரும் கிராபிக்ஸ் காட்டும் அந்த 12 வோல்ட்டிலிருந்துதான் உணவெடுக்கின்றன. 18 அம்பியர் என்று இருந்தால் பன்னிரண்டால் பெருக்கினால் 216 வாட். வெளியே 750 என்று எத்தனை பெரிதாக அச்சிட்டிருந்தாலும் அதற்குள் இருப்பது அவ்வளவுதான். 80 பிளஸ் பிரோன்ஸ் என்ற மின்திறன் முத்திரை பெற்ற, பெயர் தெரிந்த 550 வாட் ஒன்றை எடுத்துப் பாருங்கள், அதில் நாற்பது அம்பியருக்கு மேல் இருக்கும். உங்கள் கணினி முழுவேகத்தில் ஓடினாலும் 250 வாட் அளவில்தான் நிற்கும் என்பதால் 550 தாராளம்.

பெயரில்லாப் பவர் சப்ளை என்ன செய்யும் என்பதற்கு என் அனுபவத்தையே சொல்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன்னர் நான் வாங்கிய முதல் கணினி ஒரு வெள்ளிக்கிழமை இரவு "டப்" என்ற ஓசையுடன் நின்றது. திறந்து பார்த்தபோது பவர் சப்ளையின் விசிறிக்குப் பின்னால், பலகையின் இரண்டு ஈயப் பற்றுகளுக்கு நடுவே, காய்ந்து கறுத்த பல்லி ஒன்று கால்களை விரித்தபடி ஒட்டிக் கிடந்தது. பல்லி எந்தப் பவர் சப்ளைக்குள்ளும் புகும். அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நல்ல பவர் சப்ளையில் இப்படி ஒன்று நடந்தால் பாதுகாப்புச் சுற்று உடனே துண்டித்துவிடும், மற்றப் பாகங்கள் பெரும்பாலும் தப்பிவிடும். என்னுடையது மதர்போட்டையும் எஸ்.எஸ்.டியையும் கூடவே அழைத்துக்கொண்டு போனது. ஆகவே கேசிங்கின் பின்பக்கத்தில் பாவிக்காத சிறு வழிகளை மூடும் தகடுகளைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

புவித்தொடுப்பை, நாம் எர்த் என்று சொல்வதை, கணினி வாங்குவதற்கு முன்னரே சோதித்துவிடுங்கள். இரண்டு முள் அடாப்டரில் செருகிய கணினியின் இரும்புப் பகுதியில் விரல் நுனி பட்டால் இலேசாகக் கூசும், இல்லையா? பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டுவதற்காக இருக்கும் சிறு கொள்ளளவிகள் எர்த் இல்லாத நிலையில் கேசிங்கை 230 வோல்ட்டின் பாதியளவுக்குத் தூக்கி வைத்துவிடுவதால் வரும் கூச்சம் அது. மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் ஆளுக்குப் பெரிய ஆபத்தில்லை. ஆனால் அப்படிக் கூசும் கணினியில் எச்.டி.எம்.ஐ வயரைச் செருகும்போது பொறி பறந்து திரையின் போர்ட் போன கதைகளை நானே பார்த்திருக்கிறேன்.

யூ.பி.எஸ் ஒன்றுக்கு இப்போதே காசு ஒதுக்குங்கள். சாதாரண 650 வி.ஏ யூ.பி.எஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். உங்கள் கணினிக்கும் திரைக்கும் சேர்த்து அது மட்டுமட்டாகப் போதும். மின்வெட்டின்போது நீடிக்கப்போவது சில நிமிடங்கள்தான். விளையாட்டை முடித்து ஒழுங்காக நிறுத்த அது காணும். உங்கள் வீட்டில் மின்னழுத்தம் இறங்கி ஏறும் பிரச்சினைக்கும் அது ஓரளவு ஈடுகொடுக்கும். ஆனால் இடிமின்னலுக்கு யூ.பி.எஸ் கவசமாகாது. ஒக்டோபர், நவம்பர் மாத மாலைகளில் வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். செப்புக் கம்பியில் வரும் தொலைபேசி இணைப்பாக இருந்தால் ரவுட்டரிலிருந்து கணினிக்கு வரும் லேன் வயரையும் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கிய என் மச்சானின் மதர்போட்டில் இணையப் போர்ட் மட்டும் கருகியிருந்தது.


அக்கரைப்பற்று மாணவன் எழுதியது:

இரண்டு அண்ணன்மாரும் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் இப்போதே கிராபிக்ஸ் காட் வாங்கத்தான் வேண்டுமா என்பது என் கேள்வி. ரைசன் 5 5600ஜி என்ற புரொசஸருக்குள்ளேயே வேகா கிராபிக்ஸ் இருக்கிறது. நான் இரண்டு வருடமாக அதில்தான் விளையாடுகிறேன். வலோரண்ட் நன்றாகவே ஓடுகிறது, ஜி.டி.ஏ 5 அமைப்புகளைக் குறைத்து வைத்தால் விளையாடக்கூடியதாக இருக்கிறது. கேட்டவர் இன்னும் பல்கலைக்கழகம் போகவில்லை. எந்த ஊருக்குப் போவார், விடுதியில் கணினி வைக்க இடம் கிடைக்குமா என்பதெல்லாம் தெரியாத நிலையில், மீதிக் காசைக் கையில் வைத்திருந்து தேவைப்படும்போது காட்டை வாங்கலாமே. ஒரே நிபந்தனை, ராம் கட்டாயம் இரண்டு துண்டாக இருக்க வேண்டும். உட்பொதிந்த கிராபிக்ஸ் கணினியின் ராமையே கடன் வாங்கி வேலை செய்கிறது. 3200 ராம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 25.6 ஜிகாபைட், இரண்டு இருந்தால் 51.2. முதலில் ஒற்றைத் துண்டுடன் ஓட்டிப் பார்த்து மனம் உடைந்தவன் நான்.


கல்லடிக்காரன் எழுதியது:

மாணவரின் வாதம் நியாயமானது. கையில் ஒரு இலட்சம்தான் இருக்கிறது என்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் பிறகு காட் வாங்கும் நாளில் 5600ஜியின் குறைகள் தெரியவரும்: அதன் எல்3 கேஷ் (புரொசஸருக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகம்) 16 எம்பி, 5600க்கு 32 எம்பி, அது கிராபிக்ஸ் காட்டுடன் பேசுவது ஒரு தலைமுறை பழைய பி.சி.ஐ.இ 3.0 இணைப்பில். ஆர்.எக்ஸ் 6600 போன்ற காட்டுக்கு இழப்பு சொற்பம்தான், ஆனாலும் விளையாட்டுக்கென்றே தொகை ஒதுக்கியிருப்பவர் அந்த இழப்பை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? அதோடு 5600இல் உட்பொதிந்த கிராபிக்ஸ் இல்லை என்பதால், தம்பி, திரையின் வயரை மதர்போட்டில் செருகாமல் கிராபிக்ஸ் காட்டிலேயே செருக வேண்டும். முதல் தடவை பூட்டுபவர்களில் பாதிப் பேர் இங்கேதான் "படம் வரவில்லை" என்று பதறுகிறார்கள்.

பாவித்த காட் வாங்குவதென்றால் இரண்டு விஷயங்கள். 2022 செப்டெம்பரில் கிராபிக்ஸ் காட்களைக் கொண்டு எதீரியம் என்ற மின்நாணயத்தை உருவாக்கும் சுரங்க வேலை நின்றதும், அதற்காக இரவுபகலாக ஓடிய காட்கள் உலகச் சந்தையில் கொட்டப்பட்டன. ஓடியதாலேயே அவை கெட்டவை என்று சொல்ல மாட்டேன். விசிறியைக் கையால் சுழற்றிப் பார்த்து, இருபது நிமிடம் முழுச்சுமையில் ஓட்டி, வெப்பநிலையையும் திரையில் புள்ளி தெறிக்கிறதா என்பதையும் கவனித்தால் பெரும்பாலான குட்டு வெளிப்பட்டுவிடும். மற்றது ஆர்.எக்ஸ் 580. மலிவு என்று யாராவது நீட்டினால் ஜி.பி.யு-இசட் என்ற இலவச மென்பொருளில் ஷேடர் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகு) எண்ணிக்கையைப் பாருங்கள். உண்மையான 580இல் 2304. 2048 என்று காட்டினால் அது அதே பெயரில் வரும் குறைந்த வகை. எப்படியானாலும் நான் 580ஐப் பரிந்துரைக்க மாட்டேன், 185 வாட்டைக் குடிக்கும் காட் அது. 2024இல் வந்த இந்தியானா ஜோன்ஸ் போன்ற, கதிர்த்தட வசதியை (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டுப் படம் வரையும் ரே டிரேசிங்கை) கட்டாயமாகக் கேட்கும் விளையாட்டுகள் அதில் இயங்கா.

கேசிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பக்கம் கண்ணாடியாக இருந்தால் காற்று எங்கே நுழையும்? தகரக் கூரைக்குக் கீழே பிற்பகல் இரண்டு மணிக்கு விளையாடிப் பார்த்தால் தெரியும். முன்பக்கம் வலையாக உள்ள கேசிங்கும் இரண்டு விசிறியும் போதும். எங்கள் கல்லடியில் ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி. ஒரு வருடத்துக்குள் திருகாணித் தலைகள் கறள் பிடித்து, கிராபிக்ஸ் காட்டின் பின்தகட்டில் வெள்ளைப் பொடி பூத்துவிடும். கடற்காற்று நேரே அடிக்கும் சன்னலுக்கு எதிரே மேசையைப் போடாதீர்கள், பாவிக்காத நாட்களிலும் ஒரு மணி நேரமாவது கணினியை ஓட விடுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் காயும்.

கொழும்புக்குப் போவதா என்றும் கேட்டிருந்தீர்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கினால் தெரிவு அதிகம்தான். ஆனால் பழுதானால் அதே கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். உதயதேவி ரயிலில் ஒரு நாள் போக, ஒரு நாள் வர. ஆகவே சிறியதும் விலை கூடியதுமான கிராபிக்ஸ் காட், புரொசஸர், மதர்போட் மூன்றையும் அங்கே வாங்கலாம், திரை, யூ.பி.எஸ், கேசிங் ஆகிய பாரமானவற்றை இங்கேயே வாங்குங்கள். பற்றுச்சீட்டில் ஒவ்வொரு பாகத்தின் தொடர் இலக்கமும் உத்தரவாதக் காலமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். மொத்தமாக "கணினி ஒன்று" என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள்.


எருவில்வாசி எழுதியது:

கல்லடி அண்ணாவுக்கும் சாய்ந்தமருது நானாவுக்கும் அக்கரைப்பற்றுச் சகோதரருக்கும் மிக்க நன்றி. கடைக்காரரிடம் திரும்பப் போய் அது எந்த ஆண்டு ஐ7 என்று கேட்டபோது, "தம்பி நிறைய வாசிக்கிறீர் போல" என்று சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார். அவரிடம் இருந்த பவர் சப்ளையின் அட்டவணையையும் பார்த்தேன். நானா சொன்ன 18கூட இல்லை, 16 அம்பியர்.

ரைசன் 5 5600, பி550, இரண்டு 8 ஜிபி ராம், ஆர்.எக்ஸ் 6600, 1 டெராபைட்டுக்குப் பதிலாக 512 ஜிபி என்.வி.எம்.இ எஸ்.எஸ்.டி, பிரோன்ஸ் 550 வாட் என்று முடிவு செய்திருக்கிறேன். விளக்கு விசிறிகளை விட்டுவிட்டேன், தங்கச்சிக்குத்தான் அதில் கவலை. கொழும்பில் இருக்கும் சித்தப்பாவிடம் பாகங்களின் பெயர்களைத் தமிழிலும் எழுதி அனுப்பியாயிற்று.

ஆனால் இப்போது வாங்கப் போவதில்லை. நானா எர்த்தைச் சோதிக்கச் சொன்னதால் பக்கத்து வீட்டு மின்வேலைக்கார மாமாவை அழைத்து வந்தேன். அவர் மெயினை நிறுத்திவிட்டு என் அறையின் பிளக் பொயின்ட்டைக் கழற்றினார். மூன்று முள்ளுக்கான பொயின்ட்தான், உள்ளே வந்திருந்தவை இரண்டு வயர்கள். எர்த் திருகாணி கட்டிய நாளில் இருந்தது போலப் பளபளவென்று வெறுமையாக இருந்தது. விளக்கு மங்குவதற்கும் மெயின் பெட்டியில் தளர்ந்திருந்த ஒரு வயரே காரணமாக இருக்கலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை வந்து புதிதாக வயர் இழுத்து, கிணற்றடி ஈர மண்ணில் எர்த் கம்பி அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கான செலவை யூ.பி.எஸ் காசிலிருந்து எடுக்கலாமா, எஸ்.எஸ்.டி காசிலிருந்து எடுக்கலாமா?


சாய்ந்தமருதூர் எழுதியது:

இரண்டிலும் கைவைக்க வேண்டாம் தம்பி. பி550க்குப் பதிலாகப் பி450 எடுங்கள், வித்தியாசம் அதற்குப் போதும். கடையில் பயாஸைப் புதுப்பிக்கச் சித்தப்பா நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.